தற்காலிகம்தான் என்றார் டாக்டர்

ஆடக் கூடாது, அசையக் கூடாது, எச்சிலைக்கூட மெதுவாகத்தான் முழுங்க வேண்டும், நாற்பது நிமிஷம், அவ்வளவுதான் வேலை என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் ஜெயக்கொடிக்கு மூக்கு நுனி அரிக்க ஆரம்பித்தது. சும்மா கிடந்த மூக்கு. காலையில் உசிலம்பட்டியில் பஸ் ஏறி, மதுரையில் இறங்கி, இந்த ஸ்கேன் சென்டரில் பேர் கொடுத்து ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததுவரை அப்படி ஒரு மூக்கு இருப்பதே அவளுக்கு நினைவில்லை. இருபது வருஷமாக மைதானத்தில் நின்றுகொண்டு, ஏய் அசையாதடி, ஈ உக்காந்தாலும் அசையாதடி என்று எத்தனை பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வைத்திருப்பாள், அத்தனை பேருடைய மூக்கும் சேர்ந்து இன்றைக்குப் பழி வாங்குகிறது போல. தலையை ஒரு கூண்டுக்குள் வைத்து, இரண்டு பக்கமும் பஞ்சுத் திண்டு சொருகி, காதில் அடைப்பான் வைத்து, அதற்கு மேல் ஹெட்போனும் மாட்டிவிட்டு, வலது கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்திருந்தார்கள். பயமாக இருந்தால் அமுக்க வேண்டுமாம். பயமாக இருக்கிறதா என்றால் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அது இந்தக் குழாயைப் பார்த்து வந்த பயம் இல்லையே. முகத்துக்கு நேரே ஒரு சாண் தூரத்தில் வெள்ளையாக வளைந்து கிடக்கும் இந்தக் கூரை என்ன செய்துவிடும். மூன்று மாசத்துக்கு முன்னால் எடுத்த படத்தில் தெரிந்த அது இன்றைக்கு எடுக்கிற படத்திலும் தெரிந்தால், மகள் நறுமுகை விஷயம் அப்படியே நின்றுவிடும். அதுதான் பயம். அதற்குப் பந்தை அமுக்கி என்ன பிரயோஜனம். கண்ணை மூடிக்கொண்டாள். மூக்கு தானாக அடங்கிவிட்டது, இனி முழங்கால்.

மெஷின் ஒரு தடவை செருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. டடக் டடக் டடக் டடக் என்று மூச்சு விடாமல் அடிக்கிறது. கபடி கபடி கபடி கபடி என்று கேட்கிறதே என்று நினைத்த பிறகு வேறு மாதிரி கேட்க மறுத்துவிட்டது. நல்ல ரெய்டர்தான், மூச்சு விடவே மாட்டேன் என்கிறது, இதைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் மடக்கிப் பிடிக்க எத்தனை பேர் வேண்டும். அன்றைக்கு மடக்கிப் பிடிப்பதைத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு முத்தரசி ரெய்டு வருகிறாள், நான் கணுக்காலைப் பிடிக்கிறேன், பாருங்கடி, கையை இப்படி, தோளை இப்படி என்று சொல்லிக்கொண்டே பாய்ந்தது நினைவிருக்கிறது. முத்தரசியின் முழங்கால் இடது காதுக்கு மேலே வந்து இறங்கியது நினைவில்லை. உடனே எழுந்தீங்க டீச்சர், விசில் அடிச்சீங்க, எனக்கு போனஸ்கூடக் கொடுத்தீங்க என்று முத்தரசி பிறகு வீட்டுக்கு வந்து அழுதபடி சொல்லித்தான் தெரியும். அரை மணி நேரம் பயிற்சி நடத்தியிருக்கிறாள், எல்லைக் கயிற்றைச் சுருட்டி அறையில் வைத்திருக்கிறாள், பஸ் ஏறி வீட்டுக்கு வந்திருக்கிறாள். யார் வந்தது அது. அவ்வளவு நேரம் தன் உடம்பை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் திரிந்த பொம்பளை யார் என்று இப்போதும் ஜெயக்கொடிக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நல்லவேளை, டீச்சர் உத்தியோகத்துக்குப் பங்கம் வராமல் நடந்துகொண்டிருக்கிறாள். ராத்திரி வாந்தி வந்த பிறகுதான் புருஷன் சௌந்தரபாண்டி தூக்கிக்கொண்டு ஓடினான். சாதா ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் கசியவில்லை, எலும்பு உடையவில்லை, ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். ஒன்றுமில்லை என்ற சொல்லை இரண்டு பேரும் பிரசாதம் மாதிரி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள்.

வந்த பிறகுதான் தெரிந்தது. குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டது பெரிய விஷயமில்லை, அது முன்பும் நடந்ததுதான், சௌந்தரபாண்டியே அதற்குச் சாட்சி. தலைவலியும் வெளிச்சம் ஆகாததும் பத்து நாளில் குறைந்துவிட்டன. வேறு ஒன்று இருந்தது, அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்கு ஒரு மாசம் தெரியவில்லை. யாராவது பேசினால் காதில் விழுகிறது, புரிகிறது, ஆனால் பதில் உள்ளே இருந்து கிளம்பி வாய்க்கு வந்து சேர நேரமாகிறது. பால்காரர் கேட்டால் என்ன, பக்கத்து வீட்டுக்காரி கேட்டால் என்ன, கொஞ்சம் தாமதமாகச் சொன்னால் குடியா முழுகிவிடும். நறுமுகைக்கு எட்டு வயசு. ஸ்கூல் விட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா என்றுதான் கழற்றுவாள். அதற்கு என்னத்தா என்று ஒரு பதில் இருக்கிறது, எட்டு வருஷமாக யோசித்துச் சொன்னதில்லை, அது தானாக வரும், கூப்பிட்ட சத்தம் முடிவதற்குள் வரும். அது வரவில்லை. பிள்ளை வாசலில் நிற்கிறாள், இது என் பிள்ளை என்று தெரிகிறது, இவளுக்காக உயிரைக் கொடுப்பேன் என்பதும் தெரிகிறது, வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி எல்லாம் வரிசையாகத் தெரிகிறது, ஆனால் வயிற்றில் இருந்து எழும்ப வேண்டிய அது எழும்பவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் வந்துவிடும். வந்த பிறகு பழைய மாதிரியே பொங்கும், அதில் குறையில்லை. ஆனால் அந்த மூன்று எண்ணுகிற நேரத்துக்கு அவள் அந்தப் பிள்ளைக்கு யார்.

மெஷின் நின்றது. அமைதி திடீரென்று வந்து காதில் உட்கார்ந்தது. மைக்கில் அந்தப் பெண் குரல், நல்லா இருக்கீங்களாம்மா, பாப்பா இங்கதான் நிக்கிறா, டிவியில உங்க மூளையைப் பாக்கணும்னு சொன்னா, உள்ள கூட்டிட்டு வந்தேன் என்றது. இந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அது வேறு அம்மா. நல்லாயிருக்கேன் என்று சொல்ல வேண்டும் என்று ஜெயக்கொடி நினைத்தாள், நினைத்து, வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண், சரி அடுத்தது அஞ்சு நிமிஷம் என்று பட்டனைத் தட்டிவிட்டாள். பார்த்தாயா. இப்படித்தான் ஆகிறது. இந்த உலகத்தில் யாருக்கும் மூன்று எண்ணுகிற நேரம் கையில் இல்லை. இந்தத் தடவை மெஷின் கர்ரென்று நீளமாக இழுத்தது.

கழுத்தில் மஞ்சள் வாசம் வருகிறது. உலோகம் எதுவும் கூடாது, தாலியைக் கழற்றுங்கள் என்று போன தடவை சொன்னபோது அவள் கழற்ற மாட்டேன் என்று அடம் பிடித்து, சௌந்தரபாண்டி மதுரை வெயிலில் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி மஞ்சள் கிழங்கு தேடினான். இந்தத் தடவை ஊரிலிருந்தே கிழங்கும் கயிறும் எடுத்து வந்துவிட்டான். உடை மாற்றுகிற அறை வாசலில், நாலு பேர் பார்க்க, கிழங்கை முடிந்த கயிற்றை அவள் கழுத்தில் கட்டி, தாலியைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டான். மூன்றாவது கல்யாணம்டி, உன்னையவே கட்டிக்கிட்டுக் கிடக்கேன் என்றான். அதற்கு அவள் சிரித்தாளா, உடனே சிரித்தாளா, அல்லது அவன் முகத்தைத் திருப்பிய பிறகு சிரித்தாளா. தெரியவில்லை. அவன் மோட்டார் காயில் கட்டுகிறவன். கிணற்று மோட்டார், மிக்ஸி மோட்டார், எதைக் கொண்டுவந்து போட்டாலும் குடலை உருவுகிற மாதிரி செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்றிக் கொடுப்பான். விரல் இடுக்கில் எப்போதும் வார்னிஷ் வாசம் இருக்கும். போன தடவை எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு மூளை டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் அவன்தான் அவளுக்கு அவன் பாஷையில் திருப்பிச் சொன்னான்.

டாக்டர் நல்ல மனுஷி. சாதா ஸ்கேனில் தெரியாதது இதில் தெரியும் என்று சொல்லி இந்தப் படத்தை எடுக்க வைத்தவர் அவர்தான். மூளையில் வெள்ளைப் பகுதி என்று ஒன்று இருக்கிறதாம், நூல் நூலாக ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் சேதி கொண்டுபோகிற பாதையாம், அந்த நூல் ஓரமாகத் தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து இந்த மெஷின் படம் போடுமாம். உங்களுக்கு இந்த இடத்திலும் இந்த இடத்திலும் தண்ணீர் நேராகப் போகாமல் சிதறுகிறது, நூலுக்கு அதிர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று பேனா முனையால் காட்டினார். சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கோலப்பொடி கொட்டிய மாதிரி இருந்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியில், பயப்படாதீங்க, நிறையப் பேருக்கு இது சரியாயிரும், தற்காலிகம்தான் என்றார். அவர் என்ன செய்வார் பாவம். பன்னிரண்டு வருஷமாகத் தற்காலிகமாக இருக்கிறவளிடம் தற்காலிகம் என்று ஆறுதல் சொன்னால் அவள் எங்கே போய் முட்டிக்கொள்வாள், ஏற்கெனவே முட்டிக்கொண்டுதானே அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய ஆர்டரிலேயே இருக்கிறது, இந்த நியமனம் முற்றிலும் தற்காலிகமானது என்று, அடிக்கோடு போட்டு. அதற்கு முன்னால் எட்டு வருஷம் தனியார் பள்ளிக்கூடம். அரசுப் பள்ளியில் வாரத்துக்கு மூன்று அரைநாள், ஆறு மாசத்தில் மாறிவிடும் என்று சொன்னவர் ரிட்டயர் ஆகிப் பேரன் எடுத்துவிட்டார். எத்தனை ஊர்வலம், எத்தனை உண்ணாவிரதம், கலெக்டர் ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் எத்தனை கோஷம். தற்காலிகம் என்ற சொல் காதில் விழுந்தால் அவளுக்கு அடுத்து என்ன கேட்பது என்பது மூளையில் இல்லை, நாக்கிலேயே இருக்கிறது. அதனால்தான் அன்றைக்கு மட்டும் பதில் தாமதமாகவில்லை.

"எப்ப டாக்டர் நிரந்தரம் ஆகும்?"

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். சௌந்தரபாண்டி அவள் கையை அமுக்கினான். அவள் விடவில்லை, எல்லாருக்கும் ஆகலைன்னாலும் சீனியாரிட்டி பாத்தாவது என்று இன்னும் அரை வாக்கியம் போய்விட்டுத்தான் நின்றாள். டாக்டர் பேனாவை மறுபடி எடுத்து ஃபைலில் எதையோ எழுதினார், பேச்சில் குழப்பம் என்றுதான் எழுதியிருப்பார். சௌந்தரபாண்டி பிறகு அவள் வேலையைப் பற்றி எடுத்துச் சொல்லி, டாக்டரும் சிரித்து, எழுதியதை அடித்தாரா இல்லையா என்று தெரியாது. பஸ்ஸில் திரும்பும்போது முதலில் சிரித்துக்கொண்டே வந்தார்கள். செக்கானூரணி தாண்டியதும் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். சௌந்தரபாண்டி சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "கம்பி அறுந்து போகலடி. மேல பூசுன வார்னிஷுதான் லேசா உரிஞ்சிருக்கு. மோட்டாரு ஓடும், கொஞ்சம் சூடாகும், கொஞ்சம் மெதுவா எடுக்கும், அவ்வளவுதான். உள்ள கம்பி நல்லா இருக்குல்ல." அவள் கேட்டாள், வார்னிஷ் உரிந்ததை என்ன செய்வாய் என்று. கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்றுவேன் என்று வாய் வரைக்கும் வந்ததை அவன் முழுங்கியது அவளுக்குத் தெரிந்தது. அவனுக்கும் மூன்று எண்ணுகிற நேரம் ஆனது, பிறகுதான், காய விடணும், தானா காயும் என்றான்.

காய விட்டாகிவிட்டது, மூன்று மாசம். இந்த ஊரில் தற்காலிகம் என்று சொன்ன எது போயிருக்கிறது. தற்காலிகப் பஸ் ஸ்டாண்டு என்று தகரம் போட்டார்கள், அதில் காத்திருந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்று பிள்ளைகள் இருக்கின்றன. ஆற்றில் பாலம் உடைந்ததற்கு மண் அணைத்துத் தற்காலிகப் பாதை போட்டார்கள், இப்போது அதற்குப் பேரே வைத்துவிட்டார்கள். முதலில் எல்லோரும் சண்டை போடுகிறார்கள், பிறகு மனு கொடுக்கிறார்கள், பிறகு வீட்டில் வேலை இருக்கிறது என்று போய்விடுகிறார்கள். யாரும் அதை நிரந்தரம் ஆக்குவதில்லை, பழகிப்போகிறது, அவ்வளவுதான். அவளும் பழகித்தானே போனாள். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி ஆர்டரை நெஞ்சோடு வைத்துக்கொண்டு தூங்கியவள், இப்போது யாராவது தற்காலிகமா டீச்சர் என்று கேட்டால் ஆமா என்று சொல்லிவிட்டு விசிலை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். நறுமுகையும் பழகிக்கொள்வாள். பழக ஆரம்பித்துவிட்டாளே. முதல் மாசம், அம்மா என்று கூப்பிட்டுவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். மோட்டார் போட்டுவிட்டு மேல்தொட்டிக் குழாயில் தண்ணீர் விழுகிறதா என்று அண்ணாந்து நிற்பார்களே, அப்படி நிற்பாள். உதடு லேசாக அசையும், எண்ணுகிறாள் என்று ஜெயக்கொடிக்கு ஒரு நாள் பிடிபட்டது. அன்றைக்கு அவள் கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு சௌந்தரபாண்டி, நல்லது செய்கிறேன் என்றுதான் செய்தான், அம்மாவைச் சும்மா சும்மா கூப்பிடாத சாமி, அவளுக்கு ஓய்வு வேணும் என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டான். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. ஐந்து வாரமாகக் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் வந்து முழங்கையை ஒரு விரலால் தொடுகிறாள், தூங்குகிற ஆளைத் தொடுகிற மாதிரி. வாசலில் சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றுகிறாள். திட்டுவதற்கு இதில் ஒன்றும் இல்லை, அதுதான் கொடுமை. கூப்பிடுடி, எத்தனை தடவை வேண்டுமானாலும் கூப்பிடு என்று சொல்லலாம், கூப்பிட்ட பிறகு பதில் வர நேரமானால், அந்த முகத்தை மறுபடி பார்க்க வேண்டுமே. அந்தத் தைரியம் இல்லாமல்தான் இந்தப் படத்துக்காகக் காத்திருந்தாள். படத்தில் தண்ணீர் நேராக ஓடினால் சொல்லிவிடலாம். ஓடாவிட்டால். ஓடாவிட்டால் அவள் ஒன்பது வயசாவாள், பத்து வயசாவாள், தொட்டுக் கூப்பிட்டே பெரிய மனுஷியாகிக் கல்யாணமும் ஆகிப் போவாள். எங்கம்மா அப்பவே அப்படித்தான், கூப்பிட்டா திரும்பாது என்று யாரிடமோ சாதாரணமாகச் சொல்வாள். சாதாரணமாகச் சொல்வாள் என்பதுதான். முழங்கால் அரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை. உள்ளங்கை வேர்த்து ரப்பர் பந்து வழுக்குகிறது.

மெஷின் மறுபடியும் நின்றது. மைக்கில் அந்தப் பெண், சூப்பர்மா, ஆடவே இல்லை நீங்க, இதுவரைக்கும் எல்லாம் தெளிவா வந்துருக்கு என்றாள். அடுத்ததுதான் முக்கியமானதாம், அந்த வெள்ளைப் பகுதி நூலை எடுக்கிறது, பன்னிரண்டு நிமிஷம் ஓடுமாம், தும்மல் இருமல் இருந்தால் இப்போதே முடித்துக்கொள்ள வேண்டுமாம். ஜெயக்கொடிக்குத் தும்மலும் இல்லை இருமலும் இல்லை. ஓடு சாமி, நேராக ஓடு என்று தலைக்குள் இருக்கிற தண்ணீரைப் பார்த்து வேண்டிக்கொண்டாள். மைக்கை அந்தப் பெண் இன்னும் அணைக்கவில்லை போல, அந்த அறையில் நாற்காலி உருள்வது கேட்டது, யாரோ பேப்பர் புரட்டுவது கேட்டது, சௌந்தரபாண்டி எதையோ மெதுவாகக் கேட்பதும், கனமான கதவு ஒன்று போய்ச் சாத்திக்கொள்வதும் கேட்டது.

"அம்மா."

கூப்பிட்டது இல்லை அது. அடிபட்ட சத்தம். இந்த ஊரில் கல் தடுக்கினாலும் தேள் கொட்டினாலும் வாயில் வருகிற அதே சத்தம்.

"என்னத்தா. என்னத்தா ஆச்சு, எங்க அடி?"

முழங்கால் எழும்பிக் குழாய்க் கூரையில் மோதியது. கூண்டுக்குள் தலை திரும்பப் பார்த்துத் திரும்ப முடியாமல் ஒரு பக்கத் திண்டு கீழே விழுந்தது, ஹெட்போன் நழுவிக் காதில் பாதியாகத் தொங்கியது. மைக்கில் விசும்பல். கதவுல வெரலு நசுங்கிருச்சும்மா. எந்த வெரலு. ஆள்காட்டி. ரத்தம் வருதா. வரலம்மா. மடக்கிப் பாரு, மடக்க முடியுதா. முடியுதும்மா. அப்பாவைக் குழாய்த் தண்ணியில பிடிக்கச் சொல்லு, நான் இந்தா வந்துட்டேன். இத்தனையும் பேசி முடித்த பிறகுதான், வெளியே எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தவளுக்குப் பாதி வழியில் உறைக்கிற மாதிரி ஜெயக்கொடிக்கு உறைத்தது. என்ன செய்தேன் இப்போது. யோசிக்கவில்லையே. பிள்ளை என்று தெரிந்து, பிறகு வலி என்று தெரிந்து, பிறகு பதில் என்று வரிசையாக எதுவும் வரவில்லையே, எல்லாம் ஒன்றாக வந்து வயிற்றிலிருந்து அவளைத் தூக்கிப் போட்டதே. அந்தப் பக்கம் விசும்பல்கூட நின்றுபோயிருந்தது.

"கொடி" என்றான் சௌந்தரபாண்டி மைக்கில். அவ்வளவுதான் சொன்னான்.

அந்தப் பெண்ணுக்கு நியாயமான கோபம். எவ்வளவு தூரம் சொன்னேன் ஆடாதீங்கன்னு, தலை நகந்துபோச்சு, இதுவரைக்கும் எடுத்தது எல்லாம் இனி இதோட சேராது, முதல்ல இருந்து தலையைச் சரியா வச்சு, முதல்ல இருந்து எடுக்கணும், இன்னொரு நாற்பது நிமிஷம் உங்களால முடியுமா, இல்ல வேற நாளைக்கு வர்றீங்களா என்றாள். படம் மொத்தமும் பாழ். ஜெயக்கொடி கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். கண்ணிலிருந்து வழிந்தது இரண்டு பக்கமும் காதுக்குள் போய் இறங்கியது, துடைக்கக் கை எட்டவில்லை.

"எடுங்க தாயி" என்றாள். "எத்தனை தடவை வேணும்னாலும் எடுங்க. எம் பிள்ளையை மட்டும் அங்கிட்டுக் கூட்டிட்டுப் போயிராதீக, மைக்குப் பக்கத்திலயே நிக்கட்டும்."